இருட்டுவதற்கு முன்பே போய் நில்லுங்கள்

கேள்வி: கேமரா வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பகலில் எடுக்கும் படங்கள் ஓரளவு நன்றாகவே வருகின்றன. இரவில் வெளியே போய் எடுத்தால் மட்டும் ஆட்டம், மஞ்சள் பூச்சு, வெளுத்துப்போன விளக்குகள், நடுவில் கறுப்புக் குழி. தெரு, பாலம், நீர்நிலை, நிலவு, விண்மீன் எல்லாவற்றையும் எடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது? கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: கேமரா இருக்கட்டும், முதலில் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள். நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை, முழுதாக இருட்டிய பிறகு வெளியே இறங்குவதால் வருபவை. அந்த நேரத்தில் வானத்தில் ஒளி ஏதும் மிச்சமிருக்காது. விளக்குக்குக் கீழே கண் கூசும், நான்கடி தள்ளினால் கும்மிருட்டு. இந்த ஏற்றத்தாழ்வை ஒரே படத்துக்குள் அடக்குவது எந்த சென்சாருக்கும் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் தகடு) கஷ்டம். இருட்டுப் பகுதியைக் காப்பாற்றப் போனால் விளக்கு வெளுக்கும். விளக்கைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் குழி.

சூரியன் மறைந்த பிறகு வானத்தின் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். தெருவிளக்கும் ஜன்னல் விளக்கும் அப்படியே இருக்கும். எனவே ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டும் சரிக்குச் சரியாக வந்து நிற்கத்தான் வேண்டும். நாம் பார்த்து வியக்கும் நகரத்து இரவுப் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டவை. படத்தில் நல்ல இரவாகத் தெரியும். எடுத்தபோது வானத்தில் அடர்ந்த நீலம் இருந்திருக்கும்.

இதைத்தான் ப்ளூ ஹவர் என்கிறோம். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 4 பாகை முதல் 8 பாகை வரை இறங்கியிருக்கும் நேரம். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான விஷயம். பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது காரணம். அந்தி நீலத்துக்கு அது மட்டும் போதாது. சாய்ந்து வரும் ஒளி ஓசோன் அடுக்கின் வழியாக நெடுந்தூரம் கடக்கும்போது மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. ஓசோன் இல்லையென்றால் அந்தி நேரத்து உச்சிவானம் மங்கிய மஞ்சள் சாயலில் இருந்திருக்கும் என்று ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1953-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்த நேரம் எவ்வளவு நீளும் என்பது நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்திலேயே 6 பாகை போய்விடும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போக அது சரிந்து இறங்குவதால் அந்தி நீண்டுகொண்டே போகும். 18 பாகை கீழே போனால்தான் வானியல் கணக்கில் முழு இருட்டு. 50 பாகை அட்சரேகையில் கோடையின் உச்சத்தில் அந்த முழு இருட்டு வருவதே இல்லை. உங்கள் ஊருக்கான நேரங்களைச் சொல்ல இலவச செயலிகள் நிறைய இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் சில முறை இப்படிச் செய்யுங்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே இடத்துக்குப் போய்விடுங்கள். வெளிச்சத்தில் நடந்து பார்த்து ஒரே ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுத்து, ட்ரைபாடை நிறுத்தி, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு அங்கேயே நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருங்கள். அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) எஃப்/8, ஐஎஸ்ஓவை (ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு) 100 என்று வைத்தால், ப்ளூ ஹவரின் தொடக்கத்தில் ஷட்டர் ஒன்றிரண்டு நொடி திறந்திருந்தால் போதும். போகப் போக நான்கு, எட்டு, பதினைந்து என்று ஏறும். வீட்டுக்கு வந்து வரிசையாகப் பாருங்கள். ஏதாவது ஒரு ஜன்னலை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். முதல் படங்களில் விளக்கு எரிகிறதா என்றே தெரியாது. நடுவில் வரும் படங்களில் திரைச்சீலையின் மடிப்பு, உள்ளே இருக்கும் நாற்காலியின் முதுகு, சுவரின் நிறம் எல்லாம் இருக்கும். வெளியே செங்கல் வரிசையும் தெரியும். கடைசிப் படங்களில் அந்த ஜன்னல் ஒரு வெள்ளைக் கட்டம், சுவர் கறுப்பு. அந்த நடுப் படங்கள் எத்தனை மணிக்கு எடுத்தவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு அதுதான் நேரம். கூடுதல் விளக்கு உள்ள இடத்தில் அது சற்று முன்னாலும், விளக்கு குறைந்த இடத்தில் சற்றுப் பின்னாலும் வரும். ஒரே மாலையில் ஐந்து இடம் ஓடி அலைகிறவர்களுக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

ஆட்டம் என்று சொன்னீர்கள். ட்ரைபாட் இருந்தும் ஆடுகிறது என்றால் காரணங்கள் குறைவுதான். நடுத்தண்டை உயர்த்தி வைப்பது முதல் காரணம். அதை இறக்கிவிட்டு, உயரம் வேண்டுமென்றால் கால்களின் தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரோ ரிமோட்டோ பயன்படுத்துங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுவது நல்லது. ஆட்டம் இல்லாத இடத்தில் ஆட்டத்தைத் தேடி அதுவே படத்தைக் கலைத்துவிடுவது உண்டு. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது அடித்துக்கொண்டே இருக்கும். பாலத்தின் மேல் நின்றால் கனரக வண்டி போகும்போது தளமே அதிரும். அது அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபோகஸ் அடுத்தது. இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையும். லைவ் வியூவில் (காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் முறை) தூரத்து விளக்கையோ பிரகாசமான விண்மீனையோ திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். ஒளிப்பொட்டு சுருங்கி மிகச் சிறியதாகும் இடம்தான் சரியான இடம். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பி வளையத்தைக் கடைசி வரை திருப்பிவிடாதீர்கள், பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். சரியான இடம் கிடைத்ததும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இருட்டில் கை பட்டாலும் கவலையில்லை.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி கொடுப்பது என்பதில், இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருட்டான காட்சியை அதன் போக்கில் விட்டால் இரவு பகல்போல வெளுத்து வரும். இன்னொரு ஏமாற்றம் திரை. இருட்டில் அரைமணி நேரம் நின்றால் கண் பழகிவிடும், அப்போது கேமராவின் திரை பளீரென்று தெரியும். படம் நன்றாக வந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் மங்கல். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்து முடிவெடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஐஎஸ்ஓ 6400-இல் எத்தனை நொடி பிடிக்கிறதோ, ஐஎஸ்ஓ 100-இல் ஏறத்தாழ அத்தனை நிமிடம். இரண்டுக்கும் 64 மடங்கு வித்தியாசம் என்பதால் இது பொருந்திப்போகிறது. 6400-இல் மூன்று நொடி சோதனைப் படம் எடுத்து, கோணத்தையும் வெளிச்சத்தையும் சரிபார்த்துவிட்டு, பிறகு 100-க்கு இறக்கி பல்ப் மோடில் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை) மூன்று நிமிடம் வையுங்கள். ஃபிலிம் காலத்தில் இந்த வசதி கிடையாது. 1930-களில் பாரிஸின் இரவுகளைப் படமெடுத்த பிராசாய் என்ற புகைப்படக் கலைஞர், சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்தே எக்ஸ்போஷரை அளந்தார். அதிக இருட்டுக்கு மெதுவாக எரியும் தடித்த சிகரெட்.

இப்போது இரவுப் படக்கலையின் மிக அழகான பகுதிக்கு வருவோம். ஓடும் விளக்குகள். பகலில் அப்பர்ச்சரும் ஷட்டரும் ஒன்றுக்கொன்று ஈடு. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்துச் சமன் செய்துவிடலாம். நகரும் விளக்கு முன்னால் வந்ததும் இந்த உறவு அறுந்துவிடுகிறது. ஒரு காரின் விளக்கு சென்சாரின் ஒரு புள்ளியில் கண நேரம்தான் நிற்கிறது, உடனே அடுத்த புள்ளிக்கு நகர்ந்துவிடுகிறது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைத்த ஒளி அவ்வளவுதான். கோட்டின் நீளம் கூடும், பிரகாசம் கூடாது. பிரகாசத்தைத் தீர்மானிப்பது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும். அசையாத கட்டடமும் வானமும் மட்டும் ஷட்டர் நேரத்துக்கு ஏற்ப வெளுக்கும். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு தனித்தனிக் குமிழ்கள் உங்கள் கைக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். ஒளிக்கோடு வெளுத்திருந்தால் எஃப்/8-இலிருந்து எஃப்/11-க்குப் போங்கள். பின்னணி மங்கலாக இருந்தால் ஷட்டரை நீட்டுங்கள். வாணவேடிக்கைக்கும் இதே கணக்கு. மின்னலுக்கும் இதேதான், அதன் பிரகாசத்தை ஷட்டர் நேரம் தொடுவதே இல்லை.

சாலைப் படத்தில் நேராக ஓடும் கோட்டைவிட வளைவு அழகு. போக்குவரத்து இடைவிடாமல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வண்டி வரும்வரை லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து, வரும்போது மட்டும் எடுத்துவிடலாம்.

தெருவிளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் வருவது அப்பர்ச்சர் இதழ்களின் வேலை. எஃப்/11, எஃப்/16 என்று சுருக்கும்போது இதழ்களின் விளிம்பில் ஒளி வளைந்து கதிராகப் பிரிகிறது. இதழ்கள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. எட்டு இதழுக்கு 8, ஒன்பது இதழுக்கு 18. உங்கள் லென்ஸில் எத்தனை இதழ் என்பதை ஒரே படத்தில் எண்ணிவிடலாம். அப்புறம், லென்ஸின் பாதுகாப்புக்கு மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரை இரவில் கழற்றிவிடுங்கள். விளக்குகளின் தலைகீழ்ப் பிம்பம் மங்கலாக வானத்தில் மிதப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மஞ்சள் பூச்சுக்கு வருகிறேன். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை வீட்டில் சரிசெய்யலாம். ஆனால் எல்லா மஞ்சளும் சரியாகாது. பழைய குறையழுத்த சோடியம் விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் என்ற ஒரே நிறத்தை மட்டும் உமிழ்கிறது. நீலமும் பச்சையும் அந்த ஒளியில் கிடையாது. இல்லாத நிறத்தை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதுதான் என் வழக்கம், பல நேரங்களில் வண்ணத்தைவிட நன்றாகவே இருக்கும். உயரழுத்த சோடியத்தில் நிறங்கள் கொஞ்சம் உண்டு, எல்இடியில் இன்னும் அதிகம், அவற்றைச் சரிக்கட்டலாம். எல்லாவற்றையும் வெள்ளையாக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். நீல வானத்துக்கு எதிரே விளக்கின் மஞ்சள் இருப்பதால்தான் ப்ளூ ஹவர் படங்களுக்கு அந்த இதம்.

ஊருக்கு வெளியே போனால் எனக்கு மிகவும் பிடித்தது நிலவொளி. இதில் மீட்டர் உதவாது, கணக்கு உதவும். நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய விதி. முழுநிலவின் ஒளி வெயிலைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. அப்படியானால் அதே அமைப்பில் 4,000 நொடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். அப்பர்ச்சரை எஃப்/2.8-க்குத் திறந்தால் 32 மடங்கு ஒளி கூடும், 125 நொடி ஆகிவிடும். ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் 16 நொடி. வெளியே போய் எடுத்துப் பாருங்கள், அந்த 16 நொடியில் புல்லுக்குப் பச்சை, வானத்துக்கு நீலம், மரத்துக்கு நிழல் என்று பகல் மாதிரியே வரும், மேலே விண்மீன்கள் இருக்கும். நிலவொளி என்பது பாறையில் பட்டுத் திரும்பிய வெயில்தான். நம் கண்ணில் நிறம் உணரும் செல்களுக்கு அந்த வெளிச்சம் போதாமல் சாம்பலாகத் தெரிகிறது, அவ்வளவே. இரவாகவே தெரிய வேண்டும் என்றால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். அரைநிலவு பாதி வெளிச்சம் தரும் என்று எண்ணிவிடாதீர்கள், முழுநிலவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வரும்.

நிலவையே காட்சிக்குள் வைக்க விரும்பினால் சிக்கல். நிலவு நேரடி வெயிலில் இருக்கும் பொருள். அதன் விவரம் தெரிய எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி போதும். கீழே இருட்டில் கிடக்கும் நிலத்துக்கோ பல நொடிகள் வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க நிலவு முழுமையடைவதற்கு முந்தைய நாள் மாலை போங்கள். அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே நிலவு எழுந்துவிடும், நிலத்தில் இன்னும் ஒளி இருக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவில் கல்லறைச் சிலுவைகளுக்கு மேலே நிலவு எழுந்து நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தது அப்படியொரு மாலையில்தான். சிலுவைகளின் மேலிருந்து வெயில் போய்க்கொண்டிருந்தது, லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதிலிருந்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார்.

விண்மீன்களுக்கு நிலவில்லாத இரவு வேண்டும். பூமி சுற்றுவதால் விண்மீன் கோடாக நீளும். 500-ஐ ஃபோகல் லெங்த்தால் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் குவியத் தூரம்) வகுத்தால் எத்தனை நொடி வைக்கலாம் என்று தெரியும் என்பது பழைய விதி: 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி. சிறிய சென்சார் என்றால் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும். இன்றைய சென்சார்களில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் 500-க்குப் பதில் 300 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். கோடுகளே வேண்டும் என்றால் 30 நொடிப் படங்களாக இடைவெளியின்றி ஒரு மணி நேரம் எடுத்து மென்பொருளில் சேருங்கள். வட அரைக்கோளத்தில் துருவ விண்மீனைக் காட்சிக்குள் வைத்தால் கோடுகள் அதைச் சுற்றி வட்டமாகும்.

நாய்ஸை, அதாவது இருட்டுப் படங்களில் தெரியும் புள்ளி புள்ளியான சொரசொரப்பை, கண்டு பயப்பட வேண்டாம். ஐஎஸ்ஓ தான் நாய்ஸை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறைவான ஒளிதான் காரணம். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் வெளிச்சம் கூட்டினால் நிலைமை சீராகாது, பல கேமராக்களில் இன்னும் மோசமாகும். அசையாத காட்சி என்றால் 16 படம் எடுத்துச் சராசரி செய்யுங்கள், நாய்ஸ் நான்கில் ஒன்றாகக் குறையும். கேமராவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும். ப்ளூ ஹவர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

பலர் கவனிக்காதது பனி. தெளிந்த இரவில் லென்ஸின் முன்கண்ணாடி சுற்றுக் காற்றைவிட வேகமாகக் குளிரும், பிறகு ஈரம் படியும். படம் மெல்ல மெல்ல மங்குவதால் உடனே பிடிபடாது, எனவே அவ்வப்போது சிவப்பு டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். லென்ஸைச் சுற்றிச் சூடு தரும் பட்டை கட்டினால் நிற்கும். சிவப்பு டார்ச் ஏன் என்றால், இருட்டுக்குப் பழக கண்ணுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் தேவை. வெள்ளை ஒளி அதை ஒரே நொடியில் கலைத்துவிடும். மங்கிய சிவப்பு கலைக்காது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்திச் சொல்கிறேன். பகலில் நடந்து பார்க்காத இடத்துக்கு இரவில் முதன்முறையாகப் போகாதீர்கள். பாறை விளிம்பும் நீரின் ஓரமும் இருட்டில் எங்கே முடிகிறது என்று தெரியாது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது கவனமெல்லாம் திரையில் இருக்கும், சுற்றிலும் நடப்பது காதில் விழாது. அதனால் ஒருவராவது கூட வர வேண்டும், எங்கே போகிறோம் எப்போது திரும்புவோம் என்பது வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரம் என்றால் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். ரயில் பாதைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். தனியார் இடம் என்றால் முன்பே கேட்டுவிடுங்கள். இருட்டில் ட்ரைபாடோடு நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எவரேனும் வந்து கேட்டால் எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள், பெரும்பாலும் பக்கத்தில் நின்று அடுத்த படத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கூடு கட்டும் பறவைகள் மேலும் இரவில் நடமாடும் விலங்குகள் மேலும் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். முதலில் கனமான, ஆடாத ட்ரைபாட். அதற்குப் பிறகு கூடுதல் பேட்டரி, நீண்ட எக்ஸ்போஷரில் அது வேகமாகத் தீரும், குளிரில் இன்னும் வேகமாக. விண்மீன்களில் ஆர்வம் நிலைத்துவிட்டது என்று உறுதியானால் எஃப்/2.8-ஓ அதைவிட அகலமாகவோ திறக்கும் வைட் லென்ஸ் ஒன்று. புதிய கேமரா கடைசி. இப்போதைய கேமராவில் ஐஎஸ்ஓ 3200-இல் சரியாக எக்ஸ்போஸ் செய்த ஒரு படத்தைப் பெரிய அளவில் பிரின்ட் போட்டு, சுவரில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் போதவில்லை என்றால் அதைப் பற்றி யோசிக்கலாம்.